மைக் செட்டும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும்: பல சேனல் வால்வுப் பெருக்கிகளின் வளர்ச்சி, கொங்கு நாட்டை முன்வைத்து

மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கும் கொமரலிங்கம், நெல்லும் தென்னையும் விளையும் ஊர். கோயில் நோம்பியானாலும் கல்யாணமானாலும் கட்சிக் கூட்டமானாலும் இந்தப் பக்கத்தில் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். டிரான்சிஸ்டர் பரவுவதற்கு முன் அந்தச் செட்டுக்கு உயிராக இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உருவான மின்கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் இதே சுற்றமைப்பிலிருந்து கிளைத்ததே. இரண்டுக்கும் வால்வுகள் ஒன்று, டிரான்ஸ்பார்மர் ஒன்று, கணக்கும் ஒன்று. சேனல் என்பதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் இரண்டும் வழி பிரிந்தன என்பது என் முடிவு.

லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்று மின்முனை வால்வை, அதாவது டிரையோடை, உருவாக்கினார். கொங்கு நாட்டுக்கு அந்த நுட்பம் வந்து சேர இரண்டு கதவுகள் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று பைக்காரா நீர்மின்சாரம். மற்றொன்று பேசும்படம். 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பிறகு, சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே சினிமா பழகிய கோவை வட்டாரத்துக் கொட்டகைகளுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டாயமாயிற்று. மேடைக்கு அதைக் கொண்டு வந்ததில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்த மோட்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1940-இல் தொடங்கிய அகுஜா, பின்னாளில் மைக் செட்டுக்கே மறுபெயர்போல ஆனது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-இல் கோவையில் அறிவித்தார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

அந்தக் கால மைக் செட்டின் அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் நோக்கம் புரியும். மைக்குக்கு இரண்டு வழி, இசைத்தட்டு பிக்கப்புக்கு ஒரு வழி. ஒவ்வொரு வழிக்கும், அதாவது ஒவ்வொரு சேனலுக்கும், தனி வால்யூம் உண்டு. ஈசிசி83 போன்ற ஒரு வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் இருப்பதால், பாதி வால்வு ஒரு மைக்குக்கும் மறுபாதி இன்னொரு மைக்குக்கும் போகும். அவற்றின் வெளியீடுகள் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக ஒரே இடத்தில் வந்து கலக்கும். அங்கிருந்து அடுத்த வால்வு, பிறகு சமிக்ஞையை இரண்டாகப் பிரிக்கும் நிலை, முடிவில் எதிரெதிரே வேலை செய்யும் இரண்டு பவர் வால்வுகள். பல வாய்க்கால்கள் ஒரே குளத்தில் வந்து சேரும் அமைப்பு இது. புரோகிதர் மந்திரம் சொல்லும்போது பாட்டைக் குறைக்க வேண்டும், அறிவிப்பு வந்தால் இரண்டையும் அடக்க வேண்டும், எந்த நிலையிலும் குரல் கரகரக்கக் கூடாது. இந்த மூன்றையும் செய்து காட்டுகிறவரே நல்ல ஆபரேட்டர்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் இதே இடத்தில்தான் தொடங்கியது. 1938-இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். 1950-களில் அவர் நிறுவனம் செய்த ‘டீலக்ஸ்’ ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் கிட்டாருக்கு ஒரு வால்யூமும் மைக்குக்கு ஒரு வால்யூமும் இருந்தன. முதல் வால்வில் பாதி பாதியாகப் பங்கு, அப்புறம் கலப்பு. நம் ஊர் கல்யாண செட்டின் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்தால் உறவு உடனே தெரியும். லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், ஃபெண்டரின் ‘பேஸ்மேன்’ சுற்றைப் பின்பற்றி 1960-களின் தொடக்கத்தில் ‘ஜேடிஎம்45’ கட்டினார்கள். அதிலும் இரண்டு சேனல்கள் உண்டு. கிட்டார் கலைஞர்கள் ஒரு குட்டை ஒயரைச் செருகி இரண்டையும் இணைத்து வாசித்தார்கள். சேனலின் பழைய பொருள் மாறத் தொடங்கியதற்கு இதை நான் முதல் அடையாளமாகக் கொள்கிறேன்.

மைக் செட்காரர் துரத்தி அடித்த கரகரப்பை கிட்டார்காரர் விரும்பிக் கேட்டார். முழு வால்யூமில் பவர் வால்வு திணறும்போது அலையின் உச்சி தட்டையாகி, புதிய மேற்சுரங்கள் சேர்ந்து, நாதம் நீண்டு நிற்கும். ஆனால் அதற்காக அரங்கமே அதிரும் சத்தத்தில் வாசிக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் மீசா பூகி நிறுவனத்தைத் தொடங்கிய ராண்டல் ஸ்மித் இதற்கு வழி கண்டார். பக்கத்தில் பக்கத்தில் நின்ற டிரையோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார். ஈசிசி83-இன் பெருக்கக் காரணி 100. சுற்றில் ஒரு நிலை 50 மடங்கு தந்தால்கூட, இரண்டு நிலைகள் சேர்ந்து 2,500 மடங்கு தரும். கரகரப்பு முன்பகுதியிலேயே பிறந்துவிடுவதால், கடைசியில் ஒரு மாஸ்டர் வால்யூம் வைத்துச் சத்தத்தைத் தனியே அடக்கிவிடலாம்.

இதன் பிறகே இன்றைய பொருளில் பல சேனல் ஆம்ப்ளிஃபயர் வந்தது. 1970-களின் இறுதியில் பூகியின் ‘மார்க் 2’, தெளிந்த நாதத்துக்கு ஒரு பாதையும் முறுக்கேறிய நாதத்துக்கு இன்னொரு பாதையும் வைத்து, காலால் மிதித்து மாற்றும்படி செய்தது. அங்கே வாய்க்கால்கள் கலப்பதில்லை. ஒரே தண்ணீரை எந்த மடை வழியே விடுவது என்பதுதான் கேள்வி. ரிலே அல்லது ஒளிபட்டால் தடை குறையும் ரெசிஸ்டர் அந்த மடையைத் திறந்து மூடும். 1987-இல் வந்த சோல்டானோவின் ‘எஸ்எல்ஓ-100’ இந்த வரிசையில் அடுத்த பெரிய அடி.

இவற்றைக் கையால் கட்டுவது எளிதன்று. பெருக்கம் கூடக்கூட, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரின் உறுமலும் கூடவே பெருகும். ஆகவே ஹீட்டர் ஒயரை இறுக்கி முறுக்கித் தகட்டின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். எர்த் இணைப்புகளை இடம் பார்த்து ஒன்றுசேர்க்க வேண்டும். இதைவிடக் கடினமானது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இரண்டு ஈஎல்34 பவர் வால்வுகளுக்கு ஏறத்தாழ 3,400 ஓம் பளு வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். அதற்குச் சுற்று விகிதம் சுமார் 20-க்கு 1. முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றி, நடுவே காப்புத்தாள் வைத்து, நல்ல ஸ்டாம்பிங்கை, அதாவது இரும்புத் தகடுகளை, செருக வேண்டும். மைக் செட்டில் தொலைவிலுள்ள புனல் ஸ்பீக்கர்களுக்காக 100 வோல்ட் லைன் எடுத்தார்கள். அதற்கான சுற்று எண்ணிக்கை வேறு.

இந்தியாவிலேயே செய்த மின்மோட்டார் 1937-இல் கோவையிலிருந்து வந்தது. அன்று முதல் பம்ப்செட்டை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில், காயில் கட்டும் கடை இல்லாத சிற்றூரைத் தேட வேண்டும். எனாமல் கம்பியும் வார்னிஷும் காப்புத்தாளும் கைப்பழக்கமும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அடுக்கு மாற்றிச் சுற்றும் முறையை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் வால்வுகள் இன்றும் உற்பத்தியாகின்றன. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டும் கைத்தொழில் இங்கே வேரூன்றத் தடையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் வடிகட்டிக் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பழைய வால்வு செட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பரணிலோ கடையின் பின்கட்டிலோ ஒன்று இருந்தால், இரும்புக் கடைக்குத் தரும் முன் அடித்தகட்டைப் படமெடுங்கள். சுற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரை எந்த ஊரில் யார் சுற்றினார்கள் என்று செட்டை ஓட்டியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.