மழைக்கு முந்திய விதைப்பு

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில், மழைக்கு முன்னாடியே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். மழை விழுந்ததும் விதை தானாக முளைக்கும். 2014 ஜூலையில் ஹாஷிகார்ப் வெளியிட்ட டெர்ராஃபார்மும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்கு முன்பு பலர் சர்வர்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டித்தான் உருவாக்கினார்கள். இதில் வேண்டியதைக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். இருப்பதோடு ஒப்பிட்டு, குறைவதை மட்டும் அது கட்டும்.

2017இல் மைக்ரோசாஃப்ட், அஷூர் கிளவுட் ஷெல் என்று பிரவுசருக்குள்ளேயே கமாண்ட் லைனைக் கொண்டுவந்தது. டெர்ராஃபார்மும் விரைவிலேயே அதில் சேர்ந்தது. 2020 டிசம்பரில் அமேசானும் தன்னுடைய கிளவுட்ஷெல்லைத் திறந்தது. பழைய லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையும் கோவில்பட்டியில் இருந்தபடியே மும்பையில் சர்வர் எழுப்பலாம் என்றானது.

ஆனால் அந்த ஷெல் இரவல் இடம். அஷூரில் 20 நிமிடம் சும்மா இருந்தால் மூடிக்கொள்ளும். கூகுளில் 120 நாள் எட்டிப் பார்க்காவிட்டால், அங்கே சேமித்த 5 ஜிபியும் அழிக்கப்படும். எதையெல்லாம் கட்டினோம் என்கிற கணக்கு ‘ஸ்டேட்’ கோப்பில்தான் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுத் தொலைத்தால் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறும். டெர்ராஃபார்முக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. மறுபடி ஓட்டினால் எல்லாவற்றையும் புதுசாகக் கட்டப் பார்க்கும். அதனால் கணக்கைத் தனி ஸ்டோரேஜில் வைத்துவிட்டுத்தான் முதல் சர்வரையே எழுப்பணும்.