எலக்ட்ரான் கற்றையும் பிளாஸ்மா அலைகளும்

ராக்கெட்டிலோ விண்கலத்திலோ பொருத்திய துப்பாக்கியிலிருந்து அயனி மண்டலத்துக்குள் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், அங்குள்ள பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாலான வாயு) கலங்கி அலைகள் எழும். பூமியின் காந்தக் கோட்டைச் சுற்றித் திருகிக்கொண்டே ஓடும் அந்தக் கற்றை, கம்பியே இல்லாத ஓர் ஆன்டெனா. 10 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெற்றிடத்தில் 30 கிலோமீட்டர். அதற்கேற்ற கம்பியை யாரால் மேலே கட்டித் தொங்கவிட முடியும்?

1969-இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து ஏவிய ராக்கெட், கற்றையைக் கீழ்நோக்கிப் பாய்ச்சிச் செயற்கைத் துருவ ஒளியை உண்டாக்கியது. 1975-இல் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் இணைந்து நடத்திய ‘அராக்ஸ்’ ராக்கெட்டுகள் தென் இந்தியப் பெருங்கடலின் கெர்கெலென் தீவிலிருந்து கிளம்பின. அங்குள்ள காந்தக் கோட்டின் மறுமுனை ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியில் இறங்குகிறது.

அலைகளைப் பொறுத்தவரை 1985-இன் ஸ்பேஸ்லேப் 2 பயணமே முக்கியம். அதில் சேலஞ்சர் விண்ணோடம் ஏறும்போதே ஓர் இயந்திரம் நின்றுபோனதால், திட்டமிட்டதைவிடத் தாழ்வான பாதையில்தான் சுற்றியது. அயோவா பல்கலைக்கழகத்தின் அளவீட்டுக் கலம் விண்ணோடத்திலிருந்து தனியே மிதக்கவிடப்பட்டது. விண்ணோடத்திலிருந்த துப்பாக்கியின் திறன் 1,000 வோல்ட், 50 மில்லி ஆம்பியர். அதாவது 50 வாட், ஒரு சின்னக் குண்டு பல்பின் அளவு. எலக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 18,700 கிலோமீட்டர் வேகத்தில் சென்றன. கற்றை ஓடிய காந்தக் கோட்டை, விண்ணோடத்திலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி அந்தக் கலம் நெருங்கிக் கடந்தபோது, பதிவில் புனல் வடிவம் விழுந்தது. அது ‘விசிலர்’ வகை அலை. மின்னல் கிளப்பும் இதே வகை அலைகள் ஒலிபெருக்கியில் தேய்ந்து இறங்கும் சீழ்க்கையாகக் கேட்பதால் வந்த பெயர்.

பிளாஸ்மாவில் இவ்வலை மெதுவாகச் செல்லும் திசைகளில் எலக்ட்ரான் அதற்கு ஈடுகொடுத்து ஓடும். அப்போது செரன்கோவ் கதிர்வீச்சு பிறக்கும். ஆனால் எலக்ட்ரான்கள் தனித்தனியே உமிழ்வதைக் கூட்டினால் பதிவான வலிமைக்குப் பக்கத்தில்கூட வராது. இந்தப் பதிவுகளை ஆராய்ந்த டொனால்ட் கர்னெட், வில்லியம் ஃபாரெல் குழுவினர் தந்த விளக்கம் இது: கற்றைக்குள் எழும் மின் அலை எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கிறது. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் அசையாது, ஒரே குரலுக்கு இழுத்தால் நகரும். கொத்தாகச் சேர்ந்த எலக்ட்ரான்களும் அப்படியே.

எலக்ட்ரான்களை வெளியேற்றும் கலம் நேர்மின்னேற்றம் அடைந்து, விட்ட கற்றையையே திரும்ப இழுக்கும் என்பது தீராத தொல்லை. சுற்றியுள்ள பிளாஸ்மா போதிய எலக்ட்ரான்களைத் திருப்பித் தராவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

1962-இன் ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ அணுகுண்டுச் சோதனை பூமியைச் சுற்றிச் செயற்கைக் கதிர்வீச்சு வளையத்தை உண்டாக்கிச் செயற்கைக்கோள்களைப் பழுதாக்கியது. அத்தகைய வளையத்தில் சிக்கிய எலக்ட்ரான்களை அலைகளால் வளிமண்டலத்துக்குள் தள்ளிவிடலாம் என்ற எண்ணமே இத்துறையில் இன்றுள்ள ஆர்வத்துக்குக் காரணம். அதற்கான அலைகளைக் கற்றையால் எழுப்பிப் பார்க்க, 2023-இல் அலாஸ்காவின் போக்கர் ஃபிளாட்டிலிருந்து ‘பீம்-பை’ ராக்கெட் சிறு எலக்ட்ரான் முடுக்கி ஒன்றைச் சுமந்து சென்றது.