தண்டவாளத்தில் கிடப்பது யார்?

எங்க நைனா சினிமாவுக்கு மேளம் அடித்தவர். இசையமைப்பாளர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டாயில் வெள்ளிக்கிழமை படம் மாறும். வில்வண்டியின் இரண்டு பக்கமும் தட்டியில் போஸ்டர் ஒட்டி ஊர் ஊராக அனுப்புவார்கள். வண்டிக்குள் ஒருத்தர் நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார். பின்னால் நைனாவும் இன்னொருத்தரும் பறை அடித்துக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். கூலி இரண்டு ரூபாய், கூடவே இரண்டு தரை டிக்கெட். அந்த டிக்கெட்டில்தான் நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

தரையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் படம் நன்றாகத் தெரியும். ஊர்த்தெருப் பிள்ளைகளும் அப்படித்தான் உட்காருவார்கள். ஆனால் பின்னாலிருந்து குரல் வந்தால் குவியலைத் தட்டிவிட வேண்டியது நாங்கள்தான். கொட்டாயில் சாதி கிடையாது, காசு கொடுத்தவன் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சினிமாவின் ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்கள் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அந்த மணல் குவியலில் இருக்கிறது.

ஒரு சிவராத்திரிக்கு 'நந்தனார்' போட்டார்கள். 1942இல் ஜெமினி எடுத்த படம், தண்டபாணி தேசிகர் நடித்தது. ஆயா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. திரும்பி வரும்போது வரப்பில் வைத்து நைனா கேட்டார்: "எல்லாஞ் செரி. சாமியே கூப்ட்டப்புறம் அந்தாளு எதுக்கு நெருப்புல எறங்கணும்?" ஆயாவிடம் பதில் இல்லை. "அட சும்மா வாடா, சாமி காரியம்" என்று அடக்கிவிட்டது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஐம்பது வருசமாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் முடியும்போது செத்துக் கிடப்பது யார்? எதற்காகச் சாகிறார்கள்?

நந்தன் கதையிலிருந்தே தொடங்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அந்தக் கதையில் பண்ணையார் யாரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் 'நந்தனார் சரித்திர'த்தில் வேதியர் என்கிற பார்ப்பனப் பண்ணையாரைக் கொண்டுவந்து நுழைக்கிறார். தில்லைக்குப் போக அனுமதி கேட்டால் நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் பயிர் செய்யச் சொல்கிறார் வேதியர். சிவன் அருளால் நடந்துவிடுகிறது, வேதியர் மனம் திருந்துகிறார். தஞ்சைப் பண்ணையடிமை முறையை இப்படியாவது கதைக்குள் கொண்டுவந்ததற்காகப் பாரதியாரைப் பாராட்டலாம். ஆனால் தில்லையில் நெருப்பு மட்டும் மாறவே இல்லை. நெருப்பில் இறங்கிய புலையன் பூணூலோடு எழுந்து வருகிறார். சேரியில் பிறந்த உடம்பு எரிந்தால்தான் கோயில் திறக்கும் என்பது அதன் பொருள்.

சினிமாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப் போயிற்று. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாக நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்றைக்கு நாடே பேசிய செய்தி. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஏழு வருசம் கழித்து மறுபடி ஜெமினி எடுத்தது. காந்தியின் அரிசன யாத்திரை சுந்தராம்பாள் படத்துக்கு முன்பே முடிந்திருந்தது, இடையில் கோயில் நுழைவுச் சட்டமும் வந்துவிட்டது. அதே காலத்தில் அம்பேத்கர் சாதியை ஒழிக்கும் வழியை எழுதி அச்சிட்டுவிட்டார். சினிமா எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அந்த நெருப்பே சாட்சி. தேசிகரின் குரல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், ஒளிக்கவில்லை. பாட்டைக் கேட்பேன். கடைசிக் காட்சி வரும்போது எழுந்து வெளியே போய்விடுவேன்.

நெருப்புக்குப் பிறகு ரயில் வந்தது.

'அச்சுத் கன்யா'வை எண்பதுகளில் ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்தேன். 1936இல் பம்பாய் டாக்கீஸ் எடுத்த படம், இயக்கியவர் ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன். ரயில்வே கேட் காவலாளியின் மகள் கஸ்தூரியாகத் தேவிகா ராணி. பார்ப்பனப் பையன் பிரதாப்பாக அசோக் குமார். சின்ன வயதிலிருந்தே பிரியம், கல்யாணம் மட்டும் நடக்காது. கடைசியில் இரண்டு ஆண்கள் ரயில்வே கேட்டில் அடித்துக்கொள்கிறார்கள். ரயில் வருகிறது. அவர்களைக் காப்பாற்றத் தண்டவாளத்தில் ஓடிய கஸ்தூரி அடிபட்டுச் சாகிறாள். அவளுக்கு ஒரு நினைவிடம் எழுப்பிக் கும்பிடுகிறார்கள். படம் முடிந்ததும் தோழர்கள் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பேச வாய் வரவில்லை. உயிரோடு இருந்தபோது வீட்டுக்குள் விடாதவளைச் செத்த பிறகு சாமியாக்குவதை எங்கள் ஊரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

'நீலக்குயில்' 1954இல் வந்த மலையாளப் படம். உறூப் கதை, ராமு காரியாட்டும் பி.பாஸ்கரனும் சேர்ந்து இயக்கியது. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் போடுவார்களே, அப்படிப் பார்த்தது. புலையப் பெண் நீலியைப் பள்ளிக்கூட வாத்தியாரான நாயர் ஏமாற்றிவிடுகிறார். நீலி குழந்தையைப் பெற்றுவிட்டு ரயில் பாதை ஓரத்தில் செத்துக் கிடக்கிறாள். தபால்காரர் ஒருத்தர், அவரும் நாயர்தான், குழந்தையை எடுத்து வளர்க்கிறார். கடைசியில் வாத்தியாருக்கும் புத்தி வந்துவிடுகிறது. முற்போக்கான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். ஆனால் இரண்டு நாயர்கள் மனிதர்களாவதற்கு ஒரு நீலி சாக வேண்டியிருக்கிறதே, அந்தக் கணக்குத்தான் இடிக்கிறது.

அதே மலையாளத்தில் அதற்கு முன்பே வேறொன்று நடந்திருக்கிறது. முதல் மௌனப் படமான 'விகதகுமார'னில் (1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள்) பி.கே.ரோசி என்கிற தலித் பெண் நாயர்ப் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் ஓடும்போது திரையிலேயே கல் விழுந்தது. புலைச்சி நாயர் வேடம் போடுவதா என்று கோபம். ரோசி ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து வேறு பேரில் வாழ்ந்து முடிந்துபோனார். மேல்சாதி நடிகை தலித் பெண்ணாக நடித்துச் செத்தால் பதக்கம், தலித் பெண் மேல்சாதிப் பெண்ணாக நடித்து உயிரோடு சிரித்தால் கல்லடி. நம்முடைய சினிமா வரலாற்றை இங்கேயிருந்து எழுதத் தொடங்க வேண்டும்.

தமிழுக்கு வருவோம். 'மதுரை வீரன்' 1956. எம்.ஜி.ஆர். எங்கள் தெருவில் வேறு யார் படத்துக்கும் அப்படிக் கூட்டம் போனதில்லை. வீரன் சக்கிலியர் பிள்ளை, பொம்மியைத் தூக்கிப் போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்று எங்கள் சனங்கள் சொல்லும் கதை வேறு. படத்தில் அவன் அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன். செருப்புத் தைக்கும் குடும்பத்தில் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் எடுத்து வளர்க்கிறார்கள். சினிமாக்காரர்கள் மட்டும் செய்த வேலை என்று சொல்ல முடியாது, அச்சில் வந்த கதைப்பாடலிலேயே இந்த ராஜ பிறப்பு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. வீரம் வேண்டும், காதல் வேண்டும், பிறப்பு மட்டும் வேண்டாம். ஆனாலும் நைனா அந்தப் படத்துக்கு மேளம் அடித்தபோது கூடுதலாக ஒரு மைல் நடந்ததாகச் சொல்வார். "ராசா புள்ளயோ என்னவோ, வளந்தது நம்ம வூட்ல" என்பார். சனங்கள் படத்தைத் தங்களுக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். அதை அறிவாளிகள் கவனிப்பதில்லை.

இனி ஒரு பாவமன்னிப்பு. 'தேவர் மக'னை நான் மூன்று முறை பார்த்தேன். 1992 தீபாவளி. சிவாஜி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தோரணை, கமல் எழுதிய திரைக்கதை, இளையராஜாவின் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் கை தட்டினேன். நாலாவது முறை போக இருந்தவனை நிறுத்தியது தெற்கத்தி மாவட்டத்துத் தோழர் ஒருவர் சொன்ன செய்தி. அந்தப் படத்துப் பாட்டு ஒன்றை லாரியில் ஒலிபெருக்கி கட்டி அவர்கள் தெரு முனையில் நிறுத்திப் போட்டார்களாம். அரிவாளை வைத்துவிட்டுப் படிக்கப் போங்கள் என்றுதான் கடைசியில் கதாநாயகன் சொல்கிறான், அது எனக்கும் தெரியும். ஆனால் லாரியில் போட்டது அந்த வசனத்தை அல்ல. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு பெரிய ஊரில் சேரியே இல்லை. அதைக் கவனிக்காமல் மூன்று முறை பார்த்திருக்கிறேன். சேரிக்காரன் கண்ணுக்கே சேரி இல்லாதது தெரியாமல் செய்துவிடுவதுதான் நல்ல சினிமாவின் பலம்.

'சின்ன கவுண்டர்', 'எஜமான்', 'நாட்டாமை' என்று அடுத்தடுத்து வந்த பஞ்சாயத்துப் படங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. மண்டல் அறிக்கையும் அம்பேத்கர் நூற்றாண்டும் கிளப்பிய எழுச்சியில் தலித்துகள் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட மறுத்த அதே ஆண்டுகளில், சினிமா ஆலமரத்தடியில் சொம்பை எடுத்து வைத்தது. 1997இல் சேரனின் 'பாரதி கண்ணம்மா' வந்தது. பண்ணையார் மகள் சேரிப் பையனைக் காதலிக்கிறாள் என்று சொல்லவே அன்று தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்துக்கு வணக்கம். ஆனால் அந்தப் பாரதி விசுவாசத்தால் காதலை மறுக்கிறான். அவள் செத்த பிறகு அவள் சிதையில் குதிக்கிறான். மறுபடியும் நெருப்பு! 1942இல் நைனா கேட்க வேண்டிய கேள்வியை 1997இல் நான் கேட்டுக்கொண்டு தியேட்டரிலிருந்து வெளியே வந்தேன்.

2012இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி'. அதற்குப் பின் வந்த எல்லாப் படங்களையும்விட எனக்கு அதுவே பிடிக்கும் என்றால் இளைஞர்கள் சண்டைக்கு வருகிறார்கள். காரணம் சொல்கிறேன். அதில் ஒரு பையன் மாட்டுக்கறி தின்கிறான், பஸ்ஸில் தொங்குகிறான், காதலில் தோற்று அசடு வழிகிறான், மறுநாள் வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறான். யாருக்கும் பாடம் கற்பிக்க அவன் சாகவில்லை. எழுபது வருசத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த பையன் அவன். பின்னால் வந்த படங்களில் உரை வீச்சு அதிகமாகிவிட்டது. 'தங்கலா'னைப் (2024) பார்த்துக்கொண்டிருந்தபோது, சொல்ல வேண்டிய வரலாறு இவ்வளவு இருக்கிறதே என்கிற அவசரம் மூச்சு முட்ட வைத்தது. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. புரிவதும் ரசிப்பதும் ஒன்றல்ல.

'அட்டகத்தி' வந்த மறு வருசம், 2013 சூலை 4 அன்று, தர்மபுரியில் தண்டவாளத்தின் அருகே இளவரசன் கிடந்தார். தற்கொலை என்றார்கள். நம்மில் பலருக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை. 2015 சூனில் கோகுல்ராஜ், பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில். அதையும் முதலில் தற்கொலை என்றே காட்டப் பார்த்தார்கள். கொலை என்று தீர்ப்பு வர 2022 ஆயிற்று. கஸ்தூரியும் நீலியும் கிடந்த அதே இடம். சினிமாவைப் பார்த்து யாரும் கொலை செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தலித் உடம்பு தண்டவாளத்தில் கிடந்தால் 'அய்யோ பாவம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக இந்தச் சமூகம் பல காலமாகப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சினிமாவுக்கும் பங்கு உண்டு.

2018இல் 'பரியேறும் பெருமாள்' பார்க்கப் போனேன். தொடக்கத்திலேயே கறுப்பி நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. படம் முழுக்க ஒரு கிழவர் வருகிறார், சாதிக்காகக் கொலை செய்வதைத் தொண்டாக நினைக்கிறவர். கடைசியில் பரியனை அடித்துத் தண்டவாளத்தில் போடுகிறார். ரயில் வரப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இவன் செத்துருவானா?" என்றாள். 'ஆமாம்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த சினிமா அதுதானே.

பரியன் எழுந்துவிட்டான்.

தோற்ற கிழவர்தான் தண்டவாளத்தில் தலையை வைக்கிறார். பரியன் காதலியின் அப்பாவைக் கொல்லவில்லை, காலில் விழவில்லை, நெருப்பில் இறங்கவில்லை. நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறான். இரண்டு டம்ளர், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. மாரி செல்வராஜ் 'அச்சுத் கன்யா'வைப் பார்த்தாரா என்பது முக்கியமில்லை. கஸ்தூரி செத்த தண்டவாளத்திலிருந்து எண்பத்திரண்டு வருசம் கழித்து ஒருத்தன் எழுந்து நிற்கிறான். எனக்கு அதுதான் வரலாறு.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. செங்கேணியைப் பார்த்து நானும் அழுதேன், காவல் நிலையக் கொடுமையை அவ்வளவு நேராகக் காட்டிய படம் குறைவு. ஆனால் 1993இல் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் இருளர் ஆக்கிவிட்டார்கள். காரணம் என்னவாக இருந்தாலும் குறவர்களின் பெயர் அவர்களுடைய சாவிலிருந்தே போய்விட்டது. வழக்கறிஞர் சந்துரு நிஜத்தில் போராடியவர், அவரை நான் மதிக்கிறேன். ஆனால் படம் அவரைச் சுற்றியே ஓடுகிறது. நந்தன் கதைக்குள் வேதியர் வந்து உட்கார்ந்ததுபோல நம் கதைக்குள் ஒரு நல்லவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இந்த நல்லவர் உண்மையானவர் என்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கே எழுதப்படும் சினிமா வரலாறு முதலாளிகள், நட்சத்திரங்கள், கட்சிகள் வழியாகவே எழுதப்படுகிறது. வண்டிக்குப் பின்னால் மேளம் அடித்து நடந்தவர்கள் அதில் இல்லை. அவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள் மிகச் சிலர். மாணவத் தோழர்கள் யாராவது போய் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்தப் படத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், எந்தத் தெருவுக்குள் மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள், எந்தக் காட்சியில் எழுந்து போனார்கள் என்று கேளுங்கள்.

நைனா 'பரியேறும் பெருமாள்' பார்க்கவில்லை, அதற்கு முன்பே போய்விட்டார். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "இவனாச்சும் வூட்டுக்குப் போறான்."