காவலும் களவும்: மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் துப்புக்கூலி முறையும் அதன் எதிர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தென் தமிழகத்து ஊர்களில் உழவர் தம் மாடுகளையும் விளைச்சலையும் களவிலிருந்து காத்துக்கொள்ளக் கையாண்ட காவல் முறையையும், அதனோடு பிணைந்திருந்த துப்புக்கூலி வழக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குடியேற்ற ஆட்சியின் ஆவணங்கள் இவ்வழக்கத்தை மிரட்டிப் பணம் பறித்தல் என்ற ஒரே சொல்லில் அடக்கின. ஆயின் அதனுள் இழப்பீட்டுப் பொறுப்பு என்ற ஒரு கடப்பாடு இருந்தது. அக்கடப்பாடு எவ்வாறு சிதைந்தது, 1896ஆம் ஆண்டில் உழவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், பின்னர் அரசு பொறுப்பைப் பதவியிலிருந்து பிறப்புக்கு எவ்வாறு மாற்றியது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாடிகாவல், தேசகாவல், தலக்காவல், துப்புக்கூலி, பண்டு, குற்றப் பரம்பரைச் சட்டம்.

முன்னுரை

“வேலியே பயிரை மேய்ந்தாற்போல” என்பதும், “கள்ளனும் தோட்டக்காரனும் ஒன்று கூடினால் விடியுமட்டும் திருடலாம்” என்பதும் தமிழ் மக்கள் வழக்கில் நிலைத்த பழமொழிகள். இவ்விரண்டும் களவைப் பற்றிய அச்சத்தைவிடக் காவலைப் பற்றிய ஐயத்தையே மிகுதியாகச் சொல்கின்றன. ஊர்ப்புறக் களவில் திருடன் பெரும்பாலும் அயலான் அல்லன். அவன் பக்கத்து ஊரான், அறிந்த முகம், சில வேளைகளில் காவற்கூலி வாங்கும் கையின் உறவினன். இந்த நெருக்கமே ஊர்ப்புறச் சொத்துப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கல். மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வுகளின் வரலாறே இக்கட்டுரையின் களம்.

1. பாடிகாவல் முதல் தேசகாவல் வரை

காவலுக்கெனத் தனியே வரி செலுத்தும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி பலவிடங்களில் குறிக்கப்படுகிறது. பிற்காலத்தில் பாளையக்காரர் ஆட்சியில் காவல் இரு நிலைகளில் அமைந்தது. ஓர் ஊரின் எல்லைக்குட்பட்டது தலக்காவல். பல ஊர்களையும் அவற்றினூடே செல்லும் வழிகளையும் உள்ளடக்கியது தேசகாவல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஆட்சியராக இருந்த லூஷிங்டன் இவ்விரு வகைகளையும் வேறுபடுத்திக் காட்டி, பாளையக்காரர் காவலின் பெயரால் ஊர்களை வருத்தியதாகக் கும்பினிக்கு எழுதினார். அவர் அப்பாளையக்காரரின் எதிராளி என்பதையும், காவல் வருவாய் கும்பினியின் வரி நலனோடு மோதியது என்பதையும் கருத்திற்கொண்டே அக்கூற்றை மதிப்பிடுதல் வேண்டும்.

1799, 1801ஆம் ஆண்டுப் போர்களுக்குப் பின் பாளையக்காரரின் படைக்கலன்கள் பறிக்கப்பட்டன. காவல் அதிகாரமும் அவர்களிடமிருந்து நீங்கியது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரைக் கொண்டு ஊர்க் காவலை அமைக்க முனைந்தது. 1859இல் சென்னை மாகாணத்திற்கெனத் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது. ஆயினும் சட்டநூலில் நீங்கிய காவல் முறை ஊர்களில் நீங்கவில்லை. மதுரை வட்டாரத்தில் கள்ளரும் திருநெல்வேலி வட்டாரத்தில் மறவரும் தலைமுறை தலைமுறையாகக் காவலுரிமை கொண்டாடி வந்தனர். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடியும் (1906), எச்.ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியும் (1917) காவல் முறையை நடப்பு வழக்கமாகவே விவரிக்கின்றன.

2. காவல் உடன்பாட்டின் உள்ளமைப்பு

காவல் என்பது வாய்மொழி உடன்பாடு. ஊரார் அறுவடைக் காலத்தில் களத்திலேயே தானியமாகவும், சில ஊர்களில் பணமாகவும் காவற்காரருக்குக் கூலி அளந்தனர். இதற்கு ஈடாகக் காவற்காரர் ஏற்ற பொறுப்பு இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று, களவு நிகழாமல் காத்தல். மற்றொன்று, நிகழ்ந்துவிட்டால் பொருளை மீட்டுக் கொடுத்தல். மீட்க இயலாதபோது அதன் மதிப்பை ஈடுசெய்தல்.

இந்த இரண்டாம் கூறு ஆய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது. தற்காலக் காவல்துறை களவு கொடுத்தவனுக்கு இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று; அன்றைய காவற்காரர் கடமைப்பட்டிருந்தார். அவ்வகையில் காவற்கூலி என்பது பாதுகாப்புக்குரிய கட்டணமாகவும் காப்பீட்டுத் தொகையாகவும் ஒருங்கே விளங்கியது. எனினும் காவற்காரரை அமர்த்த மறுத்த ஊரில் களவு மிகுந்தது. களவைத் தடுக்கும் ஆற்றலும் களவை நிகழ்த்தும் ஆற்றலும் ஒரே கூட்டத்தாரிடம் இருந்தமையால், காவலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உழவனுக்குப் பெயரளவிலேயே இருந்தது.

3. துப்புக்கூலி

காவல் உடன்பாட்டின் எல்லைக்கு வெளியே வளர்ந்தது துப்புக்கூலி. துப்பு என்பது தடயம், செய்தி. துப்புக்கூலி அச்செய்திக்குரிய விலை. காளை காணாமற்போனால் உரியவன் முதலில் நாடியது காவல் நிலையத்தையன்று; இடையாள் ஒருவனையே. களவுபோன பொருளின் மதிப்பில் ஏறத்தாழப் பாதி துப்புக்கூலியாகக் கொடுக்கப்பட்டது. பின்னர்க் குறித்த இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். உரியவன் ஓட்டிச் செல்வான். காவல்துறைக்குச் செய்தி போகக்கூடாது என்பது இதன் எழுதாத விதி.

உழவன் இதற்கு உடன்பட்டதை அச்சம் என்று மட்டும் விளக்குதல் போதாது. உழவுப் பருவத்தில் காளை இல்லாத ஒவ்வொரு நாளும் இழப்பு நாளே. ஈரம் காய்வதற்குள் உழவில்லையெனில் அவ்வாண்டின் விளைச்சலே இல்லை. வழக்குத் தொடுத்தால் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய வேண்டும்; சாட்சிகளை அழைத்துச் செல்ல வேண்டும்; அதன் பின்னும் காளை திரும்பும் என்ற உறுதியில்லை. திருடனுக்குத் தண்டனை பெற்றுத் தருவது அரசின் நோக்கம். மாட்டை மீட்பது உழவனின் நோக்கம். துப்புக்கூலி இரண்டாவதை நிறைவேற்றியது. வழக்குத் தொடுத்தவன் அதன் பின்னும் அதே அண்டை ஊராரோடு வாழ்ந்தாக வேண்டும் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

4. சட்டத்தின் பார்வை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வகை இடையீட்டைக் குற்றமாக்கியது. களவுபோன பொருளை மீட்டுத் தருவதாகக் கூறிக் கையூட்டுப் பெறுபவர், குற்றவாளியைப் பிடித்துத் தண்டனை பெறச்செய்யத் தம்மாலான அனைத்தையும் செய்யாவிடின், இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவர் என்பது அச்சட்டத்தின் 215ஆம் பிரிவு. துப்புக்கூலி இடையாளுக்கு இப்பிரிவு அப்படியே பொருந்தும். ஆனால் அதனைச் செயற்படுத்த முறையீடு செய்ய வேண்டியவன் பணம் கொடுத்த உழவன். மாடு திரும்பிய பின் அவனுக்கு முறையீடு இல்லை. திரும்பாத நிலையில் முறையிட்டால் மாடு என்றுமே திரும்பாது. மறைவைத் தன் இயல்பாகக் கொண்ட ஒரு பேரத்தை, அம்மறைவால் பயன்பெற்றவனின் சாட்சியத்தைக் கொண்டு ஒழிக்க முயன்றதே சட்டத்தின் வலுவின்மை.

5. 1896: ஊராரின் பண்டு

அரசால் இயலாததை ஊரார் தாமே செய்ய முனைந்தது 1896ஆம் ஆண்டில். திண்டுக்கல் வட்டாரத்தில் அம்மையப்பக் கோன் என்னும் இடையர் குலத்தவர் தலைமையில் தோன்றிய இயக்கம் மதுரை மாவட்டத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கால்நடையே செல்வமாகக் கொண்ட இடையரிடம் இவ்வியக்கம் தோன்றியது இயல்பே. ஊரார் கூடிப் பணம் சேர்த்தனர். அந்நிதி பண்டு எனப்பட்டது. கள்ளர் காவற்காரர் நீக்கப்பட்டனர். மாடு களவுபோனால் துப்புக்கூலி கொடுப்பதற்கு மாறாக, உரியவனுக்குப் பண்டிலிருந்து இழப்பீடு வழங்கப்பட்டது.

இவ்வமைப்பின் நுட்பம் எளியது. தனியொருவன் துப்புக்கூலி கொடுக்க மறுத்தால் அவன் மாட்டை இழப்பான். ஊரே மறுத்தால், இழப்பு அனைவருக்கும் பகிரப்படுவதால், எவனும் முறிந்துபோக மாட்டான். துப்புக்கூலிக்கு ஆளில்லையெனில் மாடு திருடுவதன் ஆதாயமும் குறையும். ஈடுசெய்யும் பொறுப்பைக் காவற்காரரிடமிருந்து எடுத்து ஊர்ப் பொதுவில் வைத்ததே பண்டின் புதுமை.

ஆயினும் இவ்வியக்கம் இழப்பீட்டோடு நிற்கவில்லை. பல ஊர்களில் அது கள்ளர் குடிகள் அனைத்தின்மீதும் பாய்ந்தது. வீடுகள் எரிக்கப்பட்டன, களவோடு தொடர்பில்லாதாரும் தலைமுறைகளாக வாழ்ந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். காவற்காரர் ஒருவர் தவறினார் என்ற குற்றச்சாட்டு, காவற்காரர் பிறந்த குலமே தவறுடையது என்ற தீர்ப்பாக மாறியது இங்குத்தான். ஆனந்த் பாண்டியன் இவ்வியக்கத்தை உழவரின் சொத்துரிமை, ஒழுக்கம் பற்றிய எண்ணங்களோடு இணைத்து ஆராய்ந்துள்ளார். இத்தகைய கருத்தைக் காவல்துறை மட்டுமன்றி ஊர்ச் சமூகமும் உருவாக்கியது என்பதை 1896ஆம் ஆண்டு நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

6. பொறுப்பிலிருந்து பிறப்புக்கு

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் படிப்படியாக அதன்கீழ்க் கொணரப்பட்டனர். கைரேகைப் பதிவு, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராதல், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு ஆகியன அவர்களின் அன்றாட வாழ்வாயின. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர். அதே காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஏற்படுத்தியது. ஆனால் கண்காணிப்பு உடனே நீங்கவில்லை. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.

பழைய காவல் முறையில் களவுக்குப் பொறுப்பேற்றவர் கூலி வாங்கிய காவற்காரர். அவர் அளவறிந்த கடனையே சுமந்தார். புதிய சட்டத்தில் எக்கூலியும் வாங்காத உழவரும், களவையே அறியாத இளைஞரும், பிறப்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு பொறுப்பாளிகளாயினர்.

முடிவுரை

காவல் முறையைத் தொன்மையான ஊர்த் தன்னாட்சி எனப் போற்றுவதும், வெறும் பறிப்பு எனத் தள்ளுவதும் சான்றுகளுக்கு ஒவ்வாதவை. அது பொறுப்பும் வன்முறையும் கலந்த ஒரு பேரம். அரசு அப்பேரத்தின் வன்முறையை மட்டும் கண்டது. அதிலிருந்த இழப்பீட்டுக் கடமைக்கு மாற்று எதனையும் தரவில்லை. அம்மாற்றைத் தேடிய பண்டு இயக்கம் அண்டை வீட்டாரைப் பகைவராக்கி முடிந்தது. களவு கொடுத்த உழவனின் இழப்பும், களவு செய்யாமலே தண்டனை பெற்ற குடிகளின் இழப்பும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். இவற்றுள் முன்னதை விவரச்சுவடிகள் விரிவாகப் பதிந்தன. பின்னது பெரிதும் வாய்மொழி நினைவுகளிலேயே தங்கியது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும் ஊர்நிலை ஆய்வுகள் பெருகுமாயின், தென் தமிழக ஊர்ப்புறத்தில் சொத்து, காவல், குற்றம் ஆகியவை ஒன்றையொன்று உருவாக்கிய முறை மேலும் தெளிவுறும்.