குண்டிக்காயும் சிறுநீரகமும்: ஓர் உறுப்புப் பெயரின் வரலாறு

கண், கை, கால், செவி முதலிய புறவுறுப்புப் பெயர்கள் ஒரு மொழியில் நெடுங்காலம் மாறாமல் நிலைத்திருப்பவை. அகவுறுப்புப் பெயர்களின் நிலை வேறு. அவ்வுறுப்புகளைக் கண்ணால் கண்டோர் சிலரே; அவற்றின் தொழிலை அறிந்தோர் அவரினும் சிலர். ஆகவே, மருத்துவ அறிவு மாறுந்தோறும் அவற்றின் பெயர்களும் மாறி வந்துள்ளன. தமிழில் குண்டிக்காய் என வழங்கிய உறுப்பு இன்று சிறுநீரகம் எனப்படுகிறது. இம்மாற்றத்தால் மொழி பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வடிவால் அமைந்த பெயர்

குண்டிக்காய் என்பது வடிவம் பற்றி எழுந்த பெயர். உருண்டு திரண்ட தன்மையைக் குறிக்கும் குண்டு என்னும் சொல்லோடு இதனை இயைத்துக் காணலாம். மாங்காய், தேங்காய் என்பவற்றிற்போல் காய் என்னும் பின்னுறுப்பும் திரட்சியையே உணர்த்துகிறது. தெலுங்கில் குண்டெ, குண்டெகாய என்னும் சொற்களும் கன்னடத்தில் குண்டிகெ என்னும் சொல்லும் இதயத்தைக் குறிக்கின்றன. ஓரினச் சொற்கள் ஒரு மொழியில் ஓர் உறுப்பையும் அண்டை மொழியில் மற்றோர் உறுப்பையும் சுட்டுவதற்குக் காரணம் தெளிவு. இப்பெயர்கள் உறுப்பின் தொழிலைப் பற்றி யாதும் கூறவில்லை. உருண்டையான அகவுறுப்பு என்ற அளவில் நின்றுவிட்டன.

சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. எபிரேய மூலத்தில் சிறுநீரகத்தைக் குறிக்கும் ஒரே சொல், பலிச்சடங்கைக் கூறும் லேவியராகமத்தில் குண்டிக்காய் என்றும், மனித மனத்தின் ஆழத்தைக் கூறும் சங்கீதங்களில் உள்ளிந்திரியம் என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. எபிரேயர் அவ்வுறுப்பை உணர்வின் இருப்பிடமாகவும் கருதினர். தமிழ்ச்சொல்லுக்கு அப்பொருள் இல்லாமையால் மொழிபெயர்ப்பாளர் வேறு சொல்லை நாடினர்.

2. வடமொழி மருத்துவ மரபு

வடமொழியில் இவ்வுறுப்பின் பெயர் விருக்க என்பது. சரக சங்கிதை இதனைக் கொழுப்பைச் சுமக்கும் வழிகளின் மூலமாகக் கூறுகிறது. சிறுநீர் வழிகளின் மூலமாக நீர்ப்பையையும் தொடையிடுக்கையுமே கூறுகிறது. சுசுருத சங்கிதை, கழுத்தளவு நீரில் வைக்கப்பட்ட புதுப்பானையின் உட்புறம் நீர் கசிந்து நிறைவதுபோல, குடற்பகுதியிலிருந்து வரும் நுண்வழிகளால் நீர்ப்பை நிறைகிறது என விளக்குகிறது. விருக்கத்திற்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பு இந்நூல்களில் இடம்பெறவில்லை.

எனினும் விருக்க என்னும் பெயர் இன்றும் மலையாளத்திலும் இந்திக் கலைச்சொற்களிலும் இடர்ப்பாடின்றி வழங்குகிறது. தொழிலைச் சுட்டாத பெயராதலால், தொழில் பற்றிய கொள்கை மாறியபோதும் அதனை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

3. யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த முயற்சி

ஐரோப்பாவிலும் சிறுநீரகத்தின் நுண்ணமைப்பு மெல்லவே தெளிவாயிற்று. 1666இல் மால்பிகி அதனுள் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1842இல் பௌமன் அவ்வுருண்டைகளுக்கும் நுண்குழல்களுக்கும் உள்ள இணைப்பை நிறுவினார். அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், 1847இல், அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். மானிப்பாயில் பணியாற்றிய அவர், 1860களில் தமிழ்வழியாகவே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கலானார். மாணவர் துணையோடு அவர் உருவாக்கிய நூல்களுள் மனுஷ அங்காதிபாதம் 1872இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. முன்னது உடற்கூற்றையும் பின்னது உடலின் இயக்கத்தையும் கூறுவன.

தமிழ்ச்சொல் கிடைப்பின் அதனையும், கிடையாதவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்வது அவர் நெறி. அங்காதிபாதம், சுகரணம் என்னும் துறைப்பெயர்கள் நிலைக்கவில்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல் என்பன அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும் அவருடைய மூவகை நெறி இன்றைய பாடநூல்களிலும் தொடர்கிறது. சிறுநீரகம் தமிழ், இரத்தம் வடமொழி வழி வந்தது, நெஃப்ரான் ஒலிபெயர்ப்பு. மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமையக் காணலாம்.

4. தொழிலால் அமைந்த பெயர்

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் இயக்கமாக வளர்ந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்கள் என்னும் தொகுப்பை வெளியிட்டது. இச்சூழலில் மூத்திரம் என்னும் வடசொல் எழுத்து வழக்கில் பின்தங்க, சிறுநீர் முதன்மை பெற்றது. குண்டி என்னும் சொல் பிட்டத்தைக் குறித்து அவையல்கிளவியாகக் கருதப்பட்டமையால், குண்டிக்காய் இறைச்சிக் கடையளவில் ஒதுங்கியது.

சிறுநீரைத் தலைச்சொல்லாகக் கொண்டதால் ஒரு சொற்குடும்பமே அமைந்தது: சிறுநீரகம், சிறுநீர் நாளம், சிறுநீர்ப்பை, சிறுநீர்ப் புறவழி. ஆங்கிலத்தில் யுரீட்டர், யுரீத்ரா என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கி நின்று மாணவரை மயக்குவன. தமிழில் நாளம், புறவழி என்னும் வேறுபாடு அம்மயக்கத்தை நீக்குகிறது. இது தெளிவான ஊதியம்.

ஆயினும் அகம் என்னும் பின்னுறுப்பு ஆராயத் தக்கது. நூலகம் நூல்கள் இருக்குமிடம். மருந்தகம் மருந்து கிடைக்குமிடம். அம்முறையில் சிறுநீரகம் என்பது சிறுநீர் தங்குமிடம் எனவும் பொருள்படும். அது நீர்ப்பைக்கே பொருந்தும். 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பெற்ற மைசூரில் வழங்கும் கன்னடம், மூத்ரபிண்ட என்பதோடு மூத்ரஜனகாங்க என்னும் பெயரையும் கொண்டுள்ளது. சிறுநீரைப் பிறப்பிக்கும் உறுப்பு என்பது அதன் பொருள். அக்கன்னடப் பெயரில் உள்ள தெளிவு தமிழ்ப்பெயரில் இல்லை.

5. பெயர் உணர்த்தாதவை

இரு பெயர்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. உறுப்பின் பணி சிறுநீரோடு முடிந்துவிடுவதாக அவை எண்ணச் செய்கின்றன. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் 99 விழுக்காடு மீண்டும் குருதியில் சேர, ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகிறது. வெளியேற்றுவதினும் காத்து மீட்பதே இவ்வுறுப்பின் பெரும்பணி எனலாம். குருதியழுத்தத்தைச் சீராக்குதல், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுதல், எலும்புக்கு இன்றியமையாத வைட்டமின் டியைச் செயல்நிலைக்குக் கொணர்தல், குருதியின் அமிலச் சமநிலையைப் பேணுதல் ஆகியனவும் இதன் பணிகளே.

இக்குறை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. நாட்பட்ட சிறுநீரக நோயில், உறுப்பின் வடிதிறன் பெரிதும் குன்றிய பின்னரும் சிறுநீரின் அளவு குறையாதிருக்கக் கூடும். சிறுநீரகம் செயலிழந்து வருகிறது என்னும் தொடரைப் படிக்கும் நோயாளி, நீர் தடையின்றிப் பிரிகிறதே எனக் கருதி அறிவுரையைப் புறக்கணிக்க இடமுண்டு. உறுப்பின் பெயரே அவருக்குத் தவறான அளவுகோலாக அமைந்துவிடுகிறது. குருதிச்சோகையும் உயர்ந்த குருதியழுத்தமும் சிறுநீரகத்தோடு தொடர்புடையன என்பதும் அப்பெயரால் புலப்படுவதில்லை.

இதனால் சிறுநீரகம் என்னும் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. வேரூன்றிய சொல்லை மாற்றுவது மேலும் குழப்பத்தையே தரும். 2008 முதல் மைசூரை இடமாகக் கொண்டு இயங்கிவரும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் போன்றவற்றில் அறிவுநூல்களைப் பெயர்ப்போரும், மருத்துவமனைக் குறிப்புகளைத் தமிழாக்குவோரும், சொல் கூறாததை வாக்கியத்தால் கூறுதல் வேண்டும். முதல் ஆட்சியிலேயே ‘குருதியைத் தூய்மை செய்து, உடலின் நீரையும் உப்பையும் அளவில் நிறுத்தும் சிறுநீரகம்’ என விரித்தெழுதுவது மூலத்தில் இல்லாத சேர்க்கை ஆகாது. ஆங்கிலப் பெயர் தொழிலைச் சுட்டாததால் மூலத்தைப் படிப்பவருக்கு இத்தகைய மயக்கம் எழுவதில்லை. தமிழ்ப்பெயர் தொழிலைச் சுட்டி எழுப்பும் மயக்கத்தை நீக்குவது மொழிபெயர்ப்பாளர் கடமையாகிறது.