36 ரன்னில் சுருண்ட அணி கப்பாவில் ஜெயித்தது எப்படி? நெட் பவுலர்கள் மாற்றிய தொடர்

டெஸ்ட் கிரிக்கெட்டில் 'கம்பேக்' என்றாலே ரசிகர்களுக்கு சட்டென்று நினைவுக்கு வருவது 2021 ஜனவரி 19. பிரிஸ்பேன் கப்பா மைதானத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்ற நாள். அதில் தமிழ்நாட்டு வீரர்களின் பங்கு என்ன?

தொடர் எப்படி ஆரம்பித்தது?

2020 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டின் 2-வது இன்னிங்ஸில் இந்தியா 36 ரன்னுக்கு ஆல் அவுட். டெஸ்டில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர் இதுதான். குழந்தை பிறப்புக்காக கேப்டன் கோலி ஊர் திரும்பினார். ஷமிக்கு கையில் எலும்பு முறிவு. 'கதை முடிஞ்சுது' என்றுதான் பலரும் பேசினார்கள்.

ஆனால் மெல்போர்னில் ரஹானே 112 ரன் அடிக்க, இந்தியா 8 விக்கெட்டில் வென்றது. சிட்னியில் முதுகு வலியோடு அஸ்வினும், தொடைத் தசைக் காயத்தோடு விஹாரியும் 40 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தார்கள். தொடர் 1-1.

நெட் பவுலர் என்றால் யார்?

பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து வீசுபவர். போட்டிக்கான அணியில் அவர் பெயர் இருக்காது. டெஸ்ட் அணியைப் பொறுத்தவரை சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் அப்படித்தான் இருந்தார்கள்.

பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி என வரிசையாகக் காயம். கொரோனா கட்டுப்பாட்டில் ஊரிலிருந்து திடீரென ஆள் வரவழைக்கவும் வழியில்லை. கப்பாவில் இருவரும் ஒரே நாளில் அறிமுகம். இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரர் நடராஜன், 301-வது வாஷிங்டன். அன்று ஆடிய 5 பவுலர்களும் அதற்கு முன் விளையாடியிருந்த டெஸ்ட்களைக் கூட்டினால் மொத்தமே 4!

இருவரும் என்ன செய்தார்கள்?

முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா 3 விக்கெட். சதம் அடித்த லபுஷேனை நடராஜன் தூக்கினார். வாஷிங்டனின் முதல் டெஸ்ட் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித்.

பேட்டிங்கில் இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட்டை இழந்து தடுமாறியது. அங்கிருந்து வாஷிங்டன் 62, ஷர்துல் தாக்கூர் 67 எடுத்து, 7-வது விக்கெட்டுக்கு 123 ரன் சேர்த்தார்கள். பெரிதாகப் போயிருக்க வேண்டிய ஆஸ்திரேலியாவின் முன்னிலை வெறும் 33 ரன்னில் நின்றது.

டிரா போதுமே, ஏன் துரத்தினார்கள்?

இலக்கு 328. டிரா ஆனாலே பார்டர்-கவாஸ்கர் கோப்பை இந்தியாவிடமே இருந்திருக்கும். உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளில் 56 ரன் எடுத்த புஜாரா ஒரு பக்கம் சுவராக நின்றார். அந்த தைரியத்தில் கில் 91 ரன் விளாசினார். கடைசியில் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89. அவருக்குத் துணையாக வாஷிங்டன் வேகமாக 22. மூன்று ஓவர் மிச்சம் இருக்கும்போது பந்த் அடித்த பவுண்டரியோடு ஆட்டம் முடிந்தது. தொடர் 2-1.

ஏன் இவ்வளவு பெரிய வெற்றி?

1988-க்குப் பிறகு கப்பாவில் ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றதே இல்லை. 32 வருடக் கோட்டையை உடைத்தது இந்தியாவின் முழு பலம் கொண்ட அணி கூட இல்லை. வலையில் பந்து வீசப் போனவர்களையும் சேர்த்துக்கொண்டு இறங்கிய அணி. பெஞ்சில் இருப்பவரும் தயாராக இருந்தால்தான் கம்பேக் சாத்தியம் என்பதற்கு இந்தத் தொடரே சாட்சி.