புரதப் பயம் புதிதல்ல



நம் வாசல் காவலர் அறைக்கு வரும் பார்சல்களில் இப்போதெல்லாம் புரோட்டீன் பவுடர் டப்பாக்களும் இருக்கின்றன. கடைகளில் புரோட்டீன் பார், புரோட்டீன் பிஸ்கட் என்று அடுக்கியிருக்கிறார்கள். 'நம் சாப்பாட்டில் புரதமே போதாது' என்ற பயம்தான் இவற்றை வாங்க வைக்கிறது. இதே பயம் முன்பு ஒருமுறை உலகத்தையே பிடித்து ஆட்டியது. அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஏழை நாட்டுக் குழந்தைகளின் நலிவுக்குப் புரதக் குறைவே முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் நம்பினார்கள். 1955-இல் ஐ.நா. அமைப்புகள் புரத ஆலோசனைக் குழு அமைத்தன. மீன் மாவு, சோயா மாவு என்று பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, கடலை மாவு கால் பங்கு சேர்த்து 'பல்நோக்கு உணவு' தயாரித்தது.

குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அங்கே இயக்குநராக இருந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளின் உண்மையான சாப்பாட்டை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் குறைந்தது சாப்பாட்டின் அளவுதான். அதே அரிசி பருப்பை வயிறாரக் கொடுத்தால் புரதமும் கிடைத்துவிடும் என்றார்கள். 1974-இல் டொனால்ட் மெக்லாரன் என்ற மருத்துவர், புரதத்தை மட்டும் துரத்தியது பெரிய தவறு என்று 'லான்செட்' இதழில் எழுதினார்.

இன்று நம் வீட்டு நிலைமை வேறு. வயிறு நிறைகிறது, ஆனால் தட்டில் சோறு மலைபோலவும் சாம்பார் தண்ணீராகவும் இருக்கிறது. ஆகவே புரதத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு?

பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது 2020-ஆம் ஆண்டு இந்தியப் பரிந்துரை. 60 கிலோ எடைக்குச் சுமார் 50 கிராம். 250 கிராம் அரிசியில் ஏறத்தாழ 19, 60 கிராம் பருப்பில் 13, கால் லிட்டர் பாலில் 8, ஒரு பிடி நிலக்கடலையில் 7, ஒரு முட்டையில் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், 53 வருகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்துக்கொள்ளலாம். அரிசியில் குறைவான லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது. நம் காஞ்சிபுரம் இட்லியில் அரிசியோடு உளுந்து சேர்வதும் இதே பொருத்தம்தான்.

அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம் என்கிறது. அவற்றில் சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டிகளும் சேர்ந்திருக்கலாம். அளவு மீறிய புரதம் எலும்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்றும் எச்சரிக்கிறது.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சிறுநீரகம் பழுதாவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. டப்பாவைத் திறக்கும் முன் கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருத்துவரைக் கேளுங்கள். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். அதற்குள் சாம்பாரில் இன்னும் ஒரு பிடி பருப்பைக் கூட்டிவிடலாம்.